ஆர்க்யூ, குவாரல், டிஸ்ப்யூட், டிபேட்: எதை எங்கே போடுவது?

கேள்வி இதுதான்: "ஆர்க்யூ, குவாரல், டிஸ்ப்யூட், டிபேட், டிஸ்அக்ரீ எல்லாவற்றுக்கும் அகராதியில் சுற்றிச் சுற்றி ஒரே பொருள்தான் போட்டிருக்கிறது. விலை விஷயமாகப் பேசிவிட்டு வந்து 'ஐ ஆர்க்யூட் வித் தி கிளையன்ட்' என்று மேலாளருக்கு மெயில் போட்டேன், அவர் பதறியடித்துக்கொண்டு போன் செய்தார். நான் எழுதியதில் என்ன தப்பு?"

இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கிறவருக்கு நீங்கள் வாடிக்கையாளரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்ததாகத்தான் படும். நீங்கள் சொல்ல வந்தது, நம் பக்கத்து நியாயத்தை எடுத்துவைத்தேன் என்பது. 'ஐ ஆர்க்யூட் ஃபார் எ ஹையர் பிரைஸ்' என்று எழுதியிருந்தால் மேலாளர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார். வினைச்சொல் அதேதான், அதற்குப் பின்னால் வருகிற குட்டிச் சொல் மாறியதும் வேலையே மாறிப்போகிறது.

நம்மில் பலர் இந்தச் சொற்களைச் சூட்டை வைத்து வரிசைப்படுத்திப் படித்திருக்கிறோம். டிஸ்கஸ் என்றால் சாதுவான பேச்சு, டிபேட் என்றால் கொஞ்சம் காரம், ஆர்க்யூ என்றால் குரல் உயரும், குவாரல் என்றால் சண்டை, ஃபைட் என்றால் அடிதடி. பள்ளிக்கூடத்துக்கு அது போதும், எழுத உட்கார்ந்தால் உதவாது. சத்தம் போடாமலே குவாரல் நடக்கும், தொண்டை கிழியக் கத்துவதும் டிபேட்டாக இருக்கலாம். நான் பார்ப்பது வேறு: பேசுகிறவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார், கேட்டு முடிவு சொல்ல மூன்றாவது ஆள் இருக்கிறாரா, பேச்சு நின்ற பிறகும் விஷயம் உயிரோடு இருக்குமா. இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டால் எந்தச் சொல் எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆர்க்யூவிலேயே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இருப்பதிலேயே இரட்டை வேஷம் போடுவது அதுதான். அதன் லத்தீன் மூலத்துக்குத் தெளிவாக்குவது, நிரூபிப்பது, குற்றம் சாட்டுவது என்று எல்லாப் பொருளும் உண்டு, அந்த இரண்டு முகமும் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஆர்க்யூ தட்' என்று தொடங்கினால் காரணம் காட்டி ஒன்றை நிறுவப் பார்க்கிறீர்கள். ஒரு பொருளாதாரக் கட்டுரையில் 'தி ஆதர் ஆர்க்யூஸ் தட்' என்று வந்தால் அவர் அமைதியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றுதான் பொருள், யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. 'ஆர்க்யூ ஃபார்', 'ஆர்க்யூ அகெய்ன்ஸ்ட்' இரண்டும் அதே குடும்பம்தான், ஒரு பக்கம் நின்று வாதாடுவது. 'ஆர்க்யூ வித்' என்று ஆளைச் சேர்த்த உடனே பெரும்பாலும் வாக்குவாதம் ஆகிவிடுகிறது.

நீதிமன்றத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு வழக்கறிஞர் நீதிபதி முன்னால் வழக்கை ஆர்க்யூ செய்வதற்கு 'ஆர்க்யூட் பிஃபோர் தி ஜட்ஜ்' என்று சொன்னால் அது அவர் அன்றாடத் தொழில், அதற்குத்தான் ஃபீஸ் வாங்குகிறார். அதே ஆள் 'ஆர்க்யூட் வித் தி ஜட்ஜ்' என்றால் ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது, சீனியரிடம் திட்டு வாங்கப் போகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆர்க்யுமென்ட் என்ற பெயர்ச்சொல்லுக்கும் இதே கதைதான். 'தட் இஸ் எ குட் ஆர்க்யுமென்ட்' என்றால் நல்ல வாதம் என்று பாராட்டு. 'தே ஹேட் எ பேட் ஆர்க்யுமென்ட்' என்றால் அவர்கள் மோசமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தம், அவர்கள் வாதம் மோசம் என்றல்ல. தர்க்கவியலில் இதே சொல் சில முன்கூற்றுகளும் அவற்றிலிருந்து வரும் ஒரு முடிவும் சேர்ந்த தொகுப்பைக் குறிக்கிறது, அங்கே மனிதர்களே தேவையில்லை.

இன்னொன்று, 'ஆர்க்யுவப்ளி'. நம் ஆட்கள் நிறையப் பேர் இதைச் சர்ச்சைக்குரிய, சந்தேகத்துக்கிடமான என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள். டெண்டுல்கர் 'ஆர்க்யுவப்ளி' உலகின் தலைசிறந்த பேட்ஸ்மேன் என்று ஒருவர் எழுதினால் அவர் டெண்டுல்கரை மட்டம் தட்டவில்லை. அப்படிச் சொல்ல வலுவான நியாயம் இருக்கிறது, எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றும் தெரியும், ஆனாலும் சொல்கிறேன் என்கிறார்.

குவாரலுக்கு வருவோம். இதன் லத்தீன் வேர் முறையிடுவது, குறைப்பட்டுக்கொள்வது என்ற பொருளில் இருக்கிறது. அது இன்னும் இந்தச் சொல்லுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. குவாரல் என்றால் ஆளுக்கு ஆள் மனக்குறை. பேச வேண்டிய விஷயம் ஒரு சாக்கு, அடியில் 'நீ எனக்கு இப்படிச் செய்துவிட்டாயே' என்கிற வருத்தம்தான் ஓடும். அண்ணன் தம்பிக்குள் வருவது குவாரல், நெருங்கிய சிநேகிதர்களுக்குள் வருவது குவாரல். முன்பின் தெரியாத ஆட்டோக்காரரோடு மீட்டர் விஷயமாக நடப்பதைக் குவாரல் என்று சொன்னால் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆர்க்யுமென்ட்தான் காதுக்குச் சரியாகப் படுகிறது.

மனக்குறை என்ற அந்தப் பொருள் எவ்வளவு கூர்மையாக வேலை செய்யும் என்பதற்கு குத்துச்சண்டை வீரர் முகமது அலியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1966-ல் வியட்நாம் போருக்கு அவரை ராணுவத்தில் சேர்க்கலாம் என்று வகைப்படுத்தியபோது, வியட்காங்கோடு, அதாவது அங்கே அமெரிக்காவை எதிர்த்துச் சண்டையிட்ட படையோடு, தனக்கு எந்தக் குவாரலும் இல்லை என்றார். அந்த இடத்தில் ஆர்க்யுமென்ட் என்று போட்டுப் பாருங்கள், செத்துவிடும். அந்த மனிதர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே, நான் எதற்கு அவர்களைச் சுட வேண்டும் என்ற முழு நியாயமும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. எழுத்திலும் இப்படிப் பயன்படுத்தலாம்: 'ஐ ஹேவ் நோ குவாரல் வித் தட் ஃபிகர்' என்றால் அந்த எண்ணில் எனக்குக் குறையொன்றும் இல்லை, தாராளமாகப் போகலாம்.

இதே சொல்லை எதிர்த்திசையில் பயன்படுத்தியவர் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லேன். 1938 செப்டம்பர் 27-ஆம் தேதி வானொலியில், தொலைதூர நாடு ஒன்றில் நமக்கு ஒன்றுமே தெரியாத மக்களுக்கிடையே நடக்கும் குவாரலுக்காக நாம் இங்கே பதுங்குகுழி தோண்டிக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று பேசினார். ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியைக் கேட்டு மிரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு நாட்டின் எல்லையே பறிபோகப் போகிற விஷயத்தைக் குவாரல் என்று சொன்னதும் அது ஏதோ பக்கத்து வீட்டுப் பங்காளிச் சண்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. டிஸ்ப்யூட் என்று சொல்லியிருந்தால் யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி வந்திருக்கும். குவாரலில் அந்தக் கேள்வி வராது, இரண்டு பேரும் சண்டைக்காரர்கள், அவ்வளவுதான். அதனால்தான் பெரிய விஷயங்களுக்கு இந்தச் சொல்லைப் போடும்போது கொஞ்சம் யோசிக்கச் சொல்கிறேன்.

பேச்சுவழக்கில் குவாரல் இப்போது கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும் சொல்லாகிவிட்டது. வீட்டுச் சண்டையை அமெரிக்கர்கள் 'ஃபைட்' என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் 'ரௌ' என்பார்கள். கணவனும் மனைவியும் 'ஹேட் எ ஃபைட்' என்றால் கைகலப்பு என்று நினைத்துவிடாதீர்கள், வாய்ச்சண்டையைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ரௌவை எழுதும்போது வரிசை என்று பொருள்படும் 'ரோ'வும் அதே எழுத்துகளில்தான் வரும், ஆனால் சண்டை என்ற பொருளில் 'நௌ', 'கௌ' போலத்தான் ஒலிக்க வேண்டும். நம் ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளில் காவிரி ரௌ, ஹிஜாப் ரௌ என்று எதற்கெடுத்தாலும் இதைப் போடுவதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மூன்றே எழுத்து, பத்தி அகலத்துக்குள் அடங்கும்.

அதே காவிரி சட்டப் புத்தகத்துக்குள் போனால் டிஸ்ப்யூட் ஆகிவிடும். 1956-ல் வந்த மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்ச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே டிஸ்ப்யூட்ஸ் இருக்கிறது, 1990-ல் அமைந்த காவிரி நடுவர் மன்றத்தின் ஆங்கிலப் பெயரிலும் இருக்கிறது. 2007-ல் இறுதித் தீர்ப்பு, அப்புறம் உச்ச நீதிமன்றம், 2018-ல் அங்கே தீர்ப்பு. இத்தனை வருடமும் இரண்டு மாநிலங்களும் இருபத்து நாலு மணி நேரமும் வாதாடிக்கொண்டா இருந்தன? இல்லை. நல்ல மழை பெய்த வருடங்களில் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை. ஆனாலும் டிஸ்ப்யூட் இருந்தது. அதுதான் அந்தச் சொல்லின் குணம். ஆர்க்யுமென்ட் பேசும்போது மட்டும் இருக்கும், டிஸ்ப்யூட் இரண்டு தரப்பும் தூங்கும்போதும் கோப்பில் இருக்கும். உரிமை கோருகிறவர் ஒருவர், மறுக்கிறவர் ஒருவர், தீர்த்துவைக்க எங்கோ ஒரு அமைப்பு, இது இருந்தால் போதும்.

1947-ல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு என்றதும் நமக்கு டீக்கடை வாசலில் சட்டையைப் பிடிப்பதுதான் ஞாபகம் வரும். சட்டம் சொன்னது வேறு. 1965-ல் அதில் 2ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி ஒரே ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கினாலும், அவருக்காகச் சங்கமோ சக தொழிலாளிகளோ வராவிட்டாலும், அது இன்டஸ்ட்ரியல் டிஸ்ப்யூட்டாகவே கருதப்பட்டது. அந்த மனிதர் மேலாளரோடு ஒரு வார்த்தை உரக்கப் பேசியிருக்க வேண்டியதில்லை. கிரெடிட் கார்டில் நீங்கள் வாங்காத பொருளுக்குப் பணம் பிடித்துவிட்டால் 'டிஸ்ப்யூட் ரெய்ஸ்' பண்ணுங்கள் என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்கிறார்களே, அதுவும் இதேதான். யாரோடும் சண்டை இல்லை, இந்தத் தொகையை ஒப்புக்கொள்ளவில்லை என்று பதிவு செய்கிறீர்கள்.

வினைச்சொல்லாக வரும்போது டிஸ்ப்யூட்டுக்குப் பின்னால் மனிதர் வருவதைவிட ஒரு கூற்றோ கணக்கோ வருவதுதான் சகஜம். 'ஐ டிஸ்ப்யூட் தட் கிளெய்ம்'. அலுவலகக் கடிதத்துக்கு இது ரொம்ப உபயோகமான சொல். எதிராளியைத் தொடாமல் அவர் சொன்னதை மட்டும் ஏற்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

டிபேட்டில் எல்லாமே கேட்கிறவருக்காக. இதை மறந்தால் அந்தச் சொல் பிடிபடாது. 1858-ல் செனட் பதவிக்கு எதிரெதிராக நின்ற லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் இல்லினாய் மாநிலத்தில் ஏழு ஊர்களில் ஏழு தடவை மோதினார்கள். லிங்கன் டக்ளஸை மனம் மாற்றப் பார்க்கவில்லை, டக்ளஸும் லிங்கனை மாற்றப் பார்க்கவில்லை. இருவரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். 1960-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகக் கென்னடியும் நிக்ஸனும் தொலைக்காட்சியில் பேசியதும் அப்படித்தான், ஒருவருக்கொருவர் பதில் சொன்ன மாதிரி இருந்தாலும் பேச்சு வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான். 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றத்தில், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிட மாட்டோம் என்ற தீர்மானம் 275-க்கு 153 என்று நிறைவேறியபோது பிரிட்டனே கொதித்தது. அதையும் முடிவு செய்தது பேசியவர்கள் இல்லை, உட்கார்ந்து கேட்டுவிட்டு ஓட்டுப் போட்டவர்கள். நம் பட்டிமன்றம் இதற்கு மிக நெருக்கம், என்ன, அங்கே அவையோர் ஓட்டுப் போடுவார்கள், இங்கே நடுவர் கடைசியில் எல்லோரையும் சமாதானப்படுத்தித் தீர்ப்புச் சொல்லுவார்.

அதனால், அறைக்குள் நீங்களும் வாடிக்கையாளரும் மட்டும் இருந்தால் டிபேட் என்று எழுதாதீர்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம், 'டிபேட் தி இஷ்யூ', 'டிஸ்கஸ் தி இஷ்யூ' என்று நேராகப் பொருளைப் போட்டால் போதும். 'டிஸ்கஸ் அபவுட்' நம் ஊரில் எல்லோர் வாயிலும் வரும், பேச்சில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், எழுத்தில் உறுத்தும். ஆளில்லாமலும் டிபேட் வரும்: 'ஐ டிபேட்டட் வெதர் டு கோ' என்றால் போகலாமா வேண்டாமா என்று மனதுக்குள் அல்லாடினேன்.

சில்லறைச் சொற்கள் நிறைய இருக்கின்றன, வேகமாகப் பார்த்துவிடலாம். பிக்கர் என்பது உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கு நாள் முழுக்க நொய்நொய்யென்று சண்டை பிடிப்பது. ஸ்க்வாபிள் குழந்தைகள் ரிமோட்டுக்குப் போடுவது, பெரியவர்களுக்குப் போட்டால் கேலி. டிஃப் சின்னதாக வந்து சின்னதாகப் போய்விடும், கிட்டத்தட்ட ஊடல். ராங்கிள் இழுபறி, முடிவே வராமல் நீளும். ஃப்யூட் தலைமுறைப் பகை, அமெரிக்காவில் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா எல்லையில் ஹேட்ஃபீல்டு, மெக்காய் என்ற இரண்டு குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டில் மாறி மாறிக் கொன்றுகொண்டது இதற்கு நிரந்தர உதாரணம். ஆல்டர்கேஷன் போலீஸ் மொழி, பொது இடத்தில் நாலு பேர் பார்க்க நடந்தது என்ற தொனி இருக்கும். நம் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்தால் 'வேர்டி குவாரல்' என்று ஒரு விசித்திரமான தொடர் கண்ணில் படும். வாய்த்தகராறு என்பதற்கு நம்மூர் ஆங்கிலம் கண்டுபிடித்த ஈடு அது, இந்தியாவில் எந்த வக்கீலுக்கும் புரியும். ஆனால் வெளிநாட்டுக்காரருக்கு 'வேர்டி' என்றால் வளவளவென்று நீட்டி முழக்குவது, அவர் இதைப் படித்து என்ன நினைப்பாரோ!

சத்தமே இல்லாத ஜோடி ஒன்று இருக்கிறது: டிஸ்அக்ரீ, டிஸ்சென்ட். டிஸ்அக்ரீ செய்ய வாயைத் திறக்கவே வேண்டாம், கருத்து ஒத்துப்போகவில்லை என்றால் போதும். டிஸ்சென்ட் அப்படியில்லை. பெரும்பான்மையோ அதிகாரமோ ஒரு பக்கம் முடிவெடுத்த பிறகு, அதற்கு உடன்படவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி நிற்பது. சமமான இரண்டு நண்பர்களுக்குள் டிஸ்சென்ட் வராது. 1976-ல் நெருக்கடி நிலையின்போது ஜபல்பூர் வழக்கில், காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொல்ல, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் எதிர்த்து எழுதினாரே, அது டிஸ்சென்ட். அடுத்த ஆண்டு அவரைத் தாண்டி இளையவருக்குத் தலைமை நீதிபதி பதவி போனது, அவர் ராஜினாமா செய்தார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017-ல் தள்ளிவிட்டது. இத்தனை கனம் உள்ள சொல்லை, மதியம் பிரியாணியா மீல்ஸா என்பதில் மாற்றுக்கருத்து சொன்னதற்குப் போடக் கூடாது என்பது என் கட்சி.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் கடைசியில் மரியாதையுடன் மாறுபடுகிறேன் என்று முடிப்பது வழக்கம். 2000-ல் புஷ், அல் கோர் தேர்தல் வழக்கில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அந்த 'மரியாதையுடன்' என்பதை விட்டுவிட்டு 'ஐ டிஸ்சென்ட்' என்று மட்டும் முடித்தார். கோபம் எவ்வளவு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இங்கிலாந்து வக்கீல்கள் இதில் இன்னும் கில்லாடிகள். 'வித் ரெஸ்பெக்ட்' என்றால் நீங்கள் சொல்வது தவறு, 'வித் கிரேட் ரெஸ்பெக்ட்' என்றால் முழுத் தவறு, 'வித் தி அட்மோஸ்ட் ரெஸ்பெக்ட்' என்றால் உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர்களே கிண்டலாகச் சொல்லிக்கொள்வார்கள். மரியாதை கூடக் கூட அடி பலமாகிறது. ஆகவே பிரிட்டிஷ் வாடிக்கையாளர் ரொம்பப் பணிவாக எழுதினால் நாம் குளிர்ந்துபோகக் கூடாது. அவர்களிடம் மொட்டையாக 'ஐ டிஸ்அக்ரீ' என்று எழுதுவதும் கொஞ்சம் முரட்டுத்தனம்தான், 'ஐ ஆம் நாட் ஷ்யூர் ஐ அக்ரீ' என்றாலே அவர்களுக்குப் போதுமான அளவு உறைக்கும்.

ரெஃப்யூட்டைச் சொல்லாமல் விட முடியாது, தினமும் பத்திரிகையில் தப்பாக வருகிறது. அமைச்சர் குற்றச்சாட்டை 'ரெஃப்யூட்டட்' என்று எழுதினால், அது பொய் என்று ஆதாரத்தோடு நிரூபித்துவிட்டார் என்று பொருள். அவர் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் 'டினைட்'. பதில் வாதம் வைத்திருந்தால் 'ரிபட்டட்', வாதம் ஜெயித்ததா தோற்றதா என்பது வேறு. இப்போது பல அகராதிகள் ரெஃப்யூட்டுக்கு வெறுமனே மறுப்பது என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டுவிட்டன, இருந்தாலும் நான் விடுவதாக இல்லை, ஏனென்றால் அந்தச் சொல்லை இழந்தால் 'நிரூபித்து மறுத்தார்' என்பதற்கு ஒற்றைச் சொல் கைவசம் இல்லாமல் போகும். அமெரிக்க அரசியல்வாதி சாரா பேலின் 2010-ல் ரெஃப்யூட்டையும், ஏற்க மறுப்பது என்று பொருள்படும் ரெப்யூடியேட்டையும் குழப்பி 'ரெஃப்யூடியேட்' என்று ட்வீட் போட, நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி அதையே அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது தனிக் கூத்து.

கடல் தாண்டினால் தலைகீழாகிவிடும் சொற்களும் உண்டு. 'மூட் பாயின்ட்' என்றால் பிரிட்டனில் இன்னும் வாதிக்க இடமுள்ள விஷயம், அமெரிக்காவில் இனி வாதித்துப் பயனில்லாத விஷயம். 'டேபிள்' இன்னும் மோசம், பிரிட்டனில் இப்போதே விவாதத்துக்கு எடுங்கள் என்று பொருள், அமெரிக்காவில் ஓரமாக எடுத்து வையுங்கள் என்று பொருள். இரண்டாம் உலகப் போர் பற்றிய தன் நினைவுகளில் சர்ச்சில் இதை எழுதியிருக்கிறார். அவசரமான ஒரு தாளை உடனே பேச வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் 'டேபிள்' செய்யச் சொன்னார்கள், இழுப்பறையில் போட்டு மறந்துவிடச் சொல்கிறார்கள் என்று அமெரிக்க அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள், நீண்ட நேரம் கசப்பாகவே வாக்குவாதம் நடந்த பிறகுதான் இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று தெரிந்ததாம். அதற்கு அவர் போட்ட சொல் ஆர்க்யுமென்ட். குவாரல் என்று போட ஒருவர் மேல் ஒருவருக்கு மனக்குறை இல்லை, டிஸ்ப்யூட் என்று போட மறுநாள் வரை அதில் மிச்சம் எதுவும் இல்லை.